மிஸ் டில்மன் தட்டிய இடம்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், குப்பைப் பையை வெளியே வைக்கக் கதவைத் திறந்தபோது நர்ஸ் ரெஜினா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மருத்துவமனை உடையை மாற்றவில்லை. அழைப்பு மணியையும் அழுத்தியிருக்கவில்லை.

"எவ்வளவு நேரமா நிக்கறே? பெல் அடிக்கக் கூடாதா?"

"கையக் கொண்டு போனேன்க்கா. அமுக்க வரல." பிறகு, "டீச்சர் போயிட்டாவ. டூட்டி மாறுத நேரம். பக்கத்துலதான் நின்னேன்," என்றார்.

உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காப்பி கலக்கப் போன நான் அடுப்பைப் பற்றவைக்காமலேயே பாத்திரத்தின் முன் நின்றிருந்தேன் என்று என் கணவர் பிறகு சொன்னார். திரும்பி வந்து ரெஜினாவிடம் நான் கேட்டது இதுதான்: "கடைசில கையால ஏதாவது தட்டினாங்களா?"

அந்த வேளையில் கேட்கத் தகுந்த கேள்வி அல்ல அது. ஆனால் ரெஜினாவுக்குப் புரிந்தது.

"இல்லக்கா. கை சும்மாத்தான் கெடந்துச்சு."

நமது தமிழ்ச் சங்க மலரில் தமிழரல்லாத ஒருவருக்கு அஞ்சலி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மிஸ் வெர்னா டில்மன் இந்த வளைகுடா ஊரான ஃபஹாஹீலில் நம் பிள்ளைகள் பலருக்கு வேதியியல் கற்பித்தவர். வெள்ளிக்கிழமைத் தமிழ் ஜெபக் கூட்டத்தில் ஒரு சொல்லும் புரியாமல் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர். அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. இங்கே அவருக்கு உறவினர் யாரும் இல்லை. அவரைப் பற்றி எழுதுவதற்கு நம்மை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதுதான் உண்மையான காரணம்.

நான் இந்த ஊருக்கு வந்தது எழுபத்தொன்றில். என் கணவருக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்குள்ள ஆங்கிலப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கச் சேர்ந்தேன். முதல் நாள் ஆசிரியர் அறையில் உயரமான ஒரு பெண்மணி எழுந்து நின்று கை நீட்டினார். "நான் மிஸ் டில்மன். நீங்கள்?" என் பெயரைச் சொன்னேன். "அது உங்கள் வீட்டாருக்கு. எனக்கு?" என்றார். கணவர் பெயரைச் சேர்த்து, "மிஸஸ் சந்தானம்" என்றேன். "நல்லது, மிஸஸ் சந்தானம்" என்று உட்கார்ந்தார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் தருகிறேன்.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். தலைமையாசிரியர் ஆங்கிலேயர், அது நட்பின் அடையாளம் என்று அவருக்கு எண்ணம். மிஸ் டில்மன் மட்டும் அதற்கு இணங்கவில்லை. வாயிலில் நிற்கும் பட்டாணியர் அவருக்கு மிஸ்டர் குல் கான். தரை துடைக்க வரும் அம்மாளும் அவருக்கு ஒரு மிஸஸ். தலைமையாசிரியர் ஒருமுறை குல் கானை, வேலைக்காரப் பையனைக் கூப்பிடுவதுபோல் ஆங்கிலத்தில் "பாய்" என்று கைதட்டி அழைத்தபோது, மிஸ் டில்மன் சோதனைக் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு வெளியே வந்து, "நீங்கள் அழைப்பது மிஸ்டர் கானையா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அன்றிலிருந்து தலைமையாசிரியர் கைதட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

இதைப் பிடிவாதம் என்றே நான் நினைத்தேன். காரணத்தைப் பிறகுதான் சொன்னார். அவருடைய ஊரில் வெள்ளைக்காரர் கடைக்குப் போனால், கடைக்காரரின் சின்னப் பிள்ளைகூட மிஸ் டில்மனின் தாயை வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். தாய்க்கு நரைத்த பிறகும் அப்படித்தான். "ஒரே ஓர் இடத்தில்தான் என் தாய் மிஸஸ் டில்மன். மம்ரே கல்லூரியின் வாசலுக்குள். அங்கே அவர் தரை கூட்டினார். கல்லூரித் தலைவரும் தொப்பியை எடுத்துவிட்டு, 'காலை வணக்கம், மிஸஸ் டில்மன்' என்பார்."

மம்ரே என்ற பெயரை நான் கேட்டது அப்போதுதான். அவர்களுடைய சபையைச் சேர்ந்த ஒரு சிறிய கல்லூரி. அடிமைத்தனம் முடிந்த கையோடு, விடுதலை பெற்ற மக்களுக்காக ஏற்பட்டது. மிஸ் டில்மன் அங்கே படித்தார், அங்கேயே வேதியியல் கற்பித்தார். பிறகு வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவுகள் கறுப்பு மாணவர்களுக்கும் திறந்தன. மம்ரேக்கு வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போய், வேதியியல் கூடத்தைப் பூட்டும் நிலை வந்தது. "கதவைத் திறக்கச் சொல்லி நாங்கள்தான் தட்டினோம். திறந்ததும் எங்கள் வீடு காலியாகிவிட்டது. யாரிடம் போய்க் குறை சொல்வது?" என்றார். கூடம் பூட்டப்பட்ட ஆண்டு அவர் வளைகுடாவுக்கு ஒப்பந்தத்தில் வந்தார்.

இங்கே அவரை அமெரிக்கர் என்று நம்ப யாரும் தயாராக இல்லை. மீன் சந்தையில் வியாபாரிகள் அவரிடம் அரபியில் மளமளவென்று பேசுவார்கள். சூடானா, ஸான்ஸிபாரா என்று தமக்குள் வாதிடுவார்கள். "அமெரிக்கா" என்று இவர் சொன்னால், "அமெரிக்கானி? மாஃபி, மாஃபி", இல்லவே இல்லை, என்று சிரித்து, ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டுக் கொடுப்பார்கள். "என் சொந்த ஊரிலும் இதே சந்தேகம்தான், மிஸஸ் சந்தானம். அங்கே மீன் மட்டும் கிடைக்காது" என்பார்.

நம்முடைய ஜெபக் கூட்டத்துக்கு அவர் வந்து சேர்ந்ததும் தற்செயல்தான். ஆங்கில ஆராதனை முடிந்ததும் அதே கூடத்தில் தமிழ்க் கூட்டம் தொடங்கும். ஒரு நாள் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, "ஆங்கிலேயர்களுக்கு ஒரு மணி நேரத்தில் கடவுள் அலுத்துவிடுகிறார். உங்கள் மக்கள் பாடத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. எனக்கு வீட்டில் இருப்பதுபோல இருக்கிறது" என்றார். நான் இந்துக் குடும்பத்தவள், பக்தி குறைவு. அந்தக் கூட்டத்துக்கு நான் போனதில்லை. ரெஜினாவும் மற்ற நர்ஸ்களும் அவருக்குப் பழக்கமானது அங்கேதான். ரெஜினாவுக்குத் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். இவரை "டீச்சர்" என்பார். மிஸ் டில்மன் பதிலுக்கு, பிசகாமல், "மிஸ் ரெஜினா" என்பார்.

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒரு நாள் மிஸ் டில்மன் எங்களை இரவு உணவுக்கு அழைப்பார். மம்ரேயின் நிறுவனர் நாள். முதல் தடவை நானும் என் கணவரும் ரெஜினாவும் இன்னும் இரண்டு நர்ஸ்களும் போயிருந்தோம். மேசையில் சோறு, வெண்டைக்காய், பொரித்த மீன், வேகவைத்த ஏதோ ஒரு பயறு. ரெஜினா எட்டிப் பார்த்தார்.

"எக்கா, இது நம்ம தட்டப்பயறுல்லா? அமெரிக்காவுலயும் இதத்தான் திங்காவளா?"

"பேசாம உக்காரு. சாப்பிடச் சொல்லட்டும்" என்றேன்.

சாப்பிடச் சொல்லவில்லை. மிஸ் டில்மன் தன் நாற்காலியின் பின்னால் நின்று அதன் முதுகை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கையில் தாள் எதுவும் இல்லை. "முதலில் நாங்கள் கேட்டோம். பிறகுதான் அவர்கள் வந்தார்கள்" என்று தொடங்கினார்.

அது மம்ரேயின் வரலாறு. சபையின் மிஷன் சங்கம் வெளியிட்ட அச்சுப் புத்தகத்தில், வடக்கிலிருந்து வந்த போதகர்கள் கல்லூரியை நிறுவினார்கள் என்று இருக்கிறதாம். மம்ரேக்காரர்கள் வாயால் சொல்லும் வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. உள்நாட்டுப் போர் முடிந்த வசந்தத்தில், ஒரு குதிரைக் கொட்டிலில் கூடிய மக்கள், எங்களுக்குக் கோயில் கட்டுவதற்கு முன்பே பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. ஒரு கருவாலி மரத்தடியில், எழுத்துத் தெரிந்த ஒருவரை வைத்துத் தொடங்கிவிட்டார்கள். ஆபிரகாம் கூடாரம் போட்ட மம்ரேயின் மரத்தை நினைத்து அந்தப் பெயர். போதகர்கள் வந்தபோது அங்கே ஏற்கெனவே வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

பிறகு முதல் தீ. மரத்தடியில் எழுந்த பலகைக் கட்டடம் ஊர் வெள்ளைக்காரர் சிலருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு அதே தரையில் பாடம் நடந்தது. இனி எரியாததைக் கட்டுவோம் என்று ஆற்று மண்ணை வெட்டிச் செங்கல் அறுத்தார்கள். வாரமெல்லாம் மற்றவர் வீட்டுத் துணி துவைத்த பெண்கள் சனிக்கிழமைகளில் மண் சுமந்தார்கள். செங்கல் கட்டடத்துக்கும் தீ வைக்கப்பட்டது. சுவர்கள் நின்றன, உள்ளே இருந்த புத்தகங்களும் பதிவேடுகளும் போயின. அதன் பிறகு வேறு விதமான நெருக்கடி. இவர்களுக்குத் தச்சும் தையலும் போதும், லத்தீன் எதற்கு என்று மிஷன் சங்கத்தார் சொன்னார்கள். கல்லூரித் தலைவர் தச்சுக்கூடம் கட்டினார், லத்தீன் ஆசிரியரை அதில் உட்கார வைத்தார். பார்வையிட வந்தவர்கள் இழைப்புளியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போனார்கள்.

என் கணவர் என் காதருகே, "மீனெல்லாம் ஆறிப்போச்சு. இன்னும் எத்தனை வருஷம் பாக்கி?" என்றார். அவருக்குப் பசி தாங்காது.

இன்னும் நிறைய இருந்தது. கடைசி வாக்கியம், "நாங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறோம்." அதைச் சொன்ன பிறகே உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகே உணவு.

நிறுவனர் நாள் உரைகளை நம்புகிறவள் அல்ல நான். சென்னையில் நான் படித்ததும் ஒரு மிஷன் கல்லூரிதான். அங்கேயும் ஆண்டுதோறும் இப்படி ஒரு நாள் உண்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. மறு ஆண்டு அவர் சொன்னபோது ஒரு வித்தியாசத்தைக் கவனித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "முதல் தீயின்போது மழை பெய்து அணைத்தது என்கிறீர்கள். போன வருடம் மழை வரவில்லை என்றீர்கள்" என்றேன். ரெஜினா என் காலை மெல்ல மிதித்தார்.

மிஸ் டில்மன் கரண்டியைக் கீழே வைத்தார். "மழை வரவில்லை. நான்தான் தவறு. அடுத்த வருடம் எனக்கு எதிரே நீங்கள் உட்காருங்கள்" என்றார்.

அப்போதுதான் அந்த வழக்கத்தை விளக்கினார். பதிவேடுகள் எரிந்த பிறகு மம்ரேயில், வரலாற்றை மனத்தில் வைப்பது என்று முடிவு செய்தார்கள். படித்து முடித்து வெளியேறும் ஒவ்வொருவரும் அதைச் சொல்லிக்காட்ட வேண்டும். சொல்பவர் நிற்பார். எதிரே ஒருவர் கேட்பார். தவறு வந்தால் கேட்பவர் மடக்கிய விரலால் மேசையில் ஒருமுறை தட்டுவார். சொல்பவர் நிறுத்தி, சரி செய்துகொண்டு, மேலே போக வேண்டும். மன்னிப்பும் கேட்கக்கூடாது, நன்றியும் சொல்லக்கூடாது.

"மனிதர் ஞாபகம் பொய் சொல்லும், மிஸ் டில்மன். எழுதி வைப்பதுதான் நம்பகமானது" என்றேன்.

"ஞாபகம் பொய் சொல்லும். அதனால்தான் இரண்டு பேர். எழுதி வைத்ததை ஒருவர் எரிக்கலாம், இன்னொருவர் திருத்தி அச்சிடலாம். எங்களுக்கு இரண்டும் நடந்தது. உங்கள் கல்லூரிக்கு அச்சிட்ட வரலாறு இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அதில் தரை கூட்டியவர் பெயர் இருக்கிறதா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"இங்கே சுற்றுவட்டாரத்தில் மம்ரேக்காரர் யாரும் இல்லை. நம்புகிறவர்களை எதிரே உட்கார வைத்துப் பயனில்லை. அவர்கள் அழுவார்கள், தட்டமாட்டார்கள். நீங்கள் தட்டுவீர்கள்."

அப்படித்தான் நான் கேட்பவளானேன். ஆண்டுக்கு ஒருமுறைதான், ஆனால் அதற்கு முன்பு சில வாரங்கள் பள்ளி இடைவேளைகளில் சொல்லிப் பார்ப்பார். நான் ஆசிரியர் அறை மேசையில் தட்டுவேன். தட்டியது சரியாக இருந்தால் அவர் முகத்தில் ஒரு சின்ன எரிச்சல் வந்து போகும். தவறாகத் தட்டிவிட்டால் கண்ணை மட்டும் அகல விரித்துப் பார்ப்பார். இப்படியே அந்த வரலாறு முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. எனக்குச் சொந்தமில்லாத ஒன்று.

ஏன் அதை இப்போது எழுதுகிறேன் என்றால், வேறு வழி தெரியவில்லை. அவர் எழுதச் சொல்லியிருக்க மாட்டார்.

சென்ற குளிர்காலத்தில், வகுப்பில் கரும்பலகையின் முன் நின்றபடியே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் எழுத்தும் முற்றிலும் போய்விட்டன. மருத்துவமனையில் ரெஜினாவின் வார்டிலேயே இடம் கிடைத்தது. நான் பள்ளி முடிந்து போய் உட்கார்ந்திருப்பேன். என்ன பேசுவது என்று தெரியாது. பள்ளிச் செய்திகளைச் சொல்வேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு திரும்புமா என்று மருத்துவரைக் கேட்டேன். "இன்ஷா அல்லாஹ்" என்றார். அதற்கு என்ன பொருள் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள், வேறு எதுவும் தோன்றாமல், "முதலில் நாங்கள் கேட்டோம்" என்று தொடங்கினேன். அவர் தலையைத் திருப்பினார். குதிரைக் கொட்டிலைச் சொன்னேன், மரத்தைச் சொன்னேன். வகுப்பைத் தொடங்கியவரின் பெயரை நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கட்டிலின் இரும்புக் கம்பியில் 'டக்' என்று ஒரு சத்தம். இடது கை. மடக்கிய விரல்.

மருந்துத் தட்டோடு வந்த ரெஜினா நின்றுவிட்டார். "எக்கா, தட்டுதாவ."

"பேசாம இரு."

பெயரைச் சரி செய்துகொண்டு மேலே போனேன்.

மருத்துவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை; தசை தானாகத் துடிப்பதாக இருக்கலாம் என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆகவே மறுநாள் கருவாலி மரத்தை வேண்டுமென்றே பேரீச்சை என்றேன். உடனே தட்டினார், அந்தப் பழைய எரிச்சலும் முகத்தின் பாதியில் வந்து போனது. சரியான இடங்களில் கை அசையவில்லை. தசைத் துடிப்புக்குக் கருவாலியும் பேரீச்சையும் தெரியாது.

ஆனால் ஓரிடத்தில் நான் சரியாகச் சொல்லியும் தட்டினார். இரண்டாவது தீ. கூரை விழுந்த பிறகு மக்கள் எல்லோரும் அந்தச் செங்கல் சுவர்களின் முன் நிற்கிறார்கள். அங்கே வரும் வாக்கியம், "அன்று யாரும் பாடவில்லை." அதை அவர் சொல்லி நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு ஐயமே இல்லை.

தட்டினார்.

மீண்டும் அதையே சொன்னேன். தட்டினார். "அன்று எல்லோரும் பாடினார்கள்" என்றேன். தட்டினார். "பெண்கள் மட்டும் பாடினார்கள்," "மறுநாள் பாடினார்கள்," "பாட்டு பாதியில் நின்றது." எல்லாவற்றுக்கும் தட்டினார். விரல் முட்டி சிவந்துவிட்டது. ரெஜினா கம்பியில் பஞ்சைச் சுற்றிவைத்தார்.

"வேற யாராவது பாடுனாவளோ என்னமோ. தீ வச்சவனுவ பாடிருப்பானுவளோ?" என்றார் ரெஜினா. அதையும் சொல்லிப் பார்த்தேன். பஞ்சின் மேல் சத்தமில்லாமல் விரல் விழுந்தது.

பல வாரங்கள் இப்படிப் போயின. ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்கு ஒரு புதிய வாக்கியம் யோசித்துக்கொண்டு போவேன். பஸ்ஸில், சமையல் செய்யும்போது, விடைத்தாள் திருத்தும்போது அதே யோசனை. அவர் கண்ணில் ஏதோ ஒன்று இருந்தது. அது வாய்வரை வரவில்லை. ஒருவேளை ஆண்டாண்டாக எல்லோரும் சொல்லிவந்ததே தவறு என்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அவருடைய தாய் ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் ஊகிக்கலாமே ஒழிய அறிய முடியாது.

மம்ரேயில் படித்த யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. கல்லூரி முகவரிக்குக் கடிதம் எழுதினேன். இப்படி ஒருவர் இங்கே இருக்கிறார், இந்த இடத்தில் எனக்கு ஐயம், தெரிந்தவர் யாரேனும் எழுதவும் என்று. சில வாரங்களில் என் உறையே திரும்பி வந்தது. நிறுவனம் மூடப்பட்டது என்று அதன் மேல் முத்திரை.

அதை மிஸ் டில்மனிடம் சொல்வதா என்று ரெஜினாவிடம் கேட்டேன்.

"சொல்லி என்ன செய்யப் போறாவக்கா? எந்திரிச்சுப் போயித் தொறக்கவா போறாவ?"

சொல்லவில்லை. மார்ச் மாதம் வந்தது. ரெஜினா வீட்டிலிருந்து தட்டைப்பயறு வேகவைத்து மசித்துக் கொண்டுவந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் சொன்னேன். அந்த இடத்தில் வழக்கம்போலத் தட்டினார். எனக்குத் திருத்தத் தெரியாததால் நிறுத்திவிட்டு மேலே போனேன். கடைசி வாக்கியம் நெருங்கியது. பொய் என்று தெரிந்த ஒன்றைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "நாங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறோம்" என்றேன். அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

கை அசையவில்லை. அவருக்குத் தெரியாததால் அசையவில்லையா, தெரிந்தும் அசையவில்லையா என்பது எனக்கு விளங்கவில்லை. ரெஜினா ஒரு கரண்டிப் பயறை ஊட்டினார். பாதி உள்ளே போனது.

அதன் பிறகு அவர் கண் திறந்திருந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது.

மம்ரேயின் சிற்றாலயத்துக்குப் பின்னால் ஒரு மேட்டில் தாயின் கல்லறை இருப்பதாக அவர் சொல்லியிருந்தார். பக்கத்தில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்றும் சொன்னதுண்டு. ரெஜினா என் வாசலில் வந்து நின்ற மறுநாள், உடலை அங்கே அனுப்ப முடியுமா என்று கேட்க அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனேன். அங்கிருந்த இளம் அதிகாரி நல்லவராகவே நடந்துகொண்டார். சிகாகோவில் ஒரே ஓர் உறவினர், தங்கை மகன். அவர் இங்கேயே அடக்கம் செய்யச் சொல்லிவிட்டாராம். "நீங்கள் உறவினரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கல்லூரியே இப்போது இல்லையே, மேடம். யார் பெயருக்கு அனுப்புவது?" என்றார்.

அடக்கத்துக்கு இரண்டு வேன்களில் போனோம். ஊருக்கு வெளியே, கிறிஸ்தவர்களுக்கான இடுகாடு. மணல் காற்று. தலைமையாசிரியர் வந்திருந்தார். மிஸ்டர் குல் கான் தலைப்பாகையைப் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்து தனியாக ஓரத்தில் நின்றார். வார நாள்களில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் நம் தமிழ்ப் போதகர் ஜெபம் செய்தார். பெட்டியை இறக்கிய பிறகு, "டீச்சருக்க கூட்டாளி ரெண்டு வார்த்த சொல்லணும்னு கேட்டாவ" என்று என்னைப் பார்த்தார்.

பிடித்துக்கொள்ள நாற்காலி இல்லை. கைகளைக் கோத்துக்கொண்டு தொடங்கினேன். முதலில் நாங்கள் கேட்டோம். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். கொட்டில், மரம், சாம்பல், செங்கல். என் மனம் கடைசி வாக்கியத்திலேயே இருந்தது. அதை இந்த இடத்தில் எப்படிச் சொல்வேன், எந்த முகத்தோடு சொல்வேன் என்று. அதற்குள் இரண்டாவது தீ வந்துவிட்டது.

"அன்று யாரும் பாடவில்லை" என்றேன்.

பழக்கத்தால் நிறுத்தினேன். தட்டும் இடம் அது. சற்றுக் காத்திருந்தேன்.

நான் முடித்துவிட்டதாக ரெஜினா நினைத்துக்கொண்டார். நம் மக்களின் வழக்கத்தில் குழியருகே பேச்சு நின்றால் அடுத்தது பாட்டுதான். மௌனத்தை விட்டுவைக்க மாட்டார்கள். அவர் தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கடற்கரைக்காரர்களின் குரல், காற்றை மீறிக் கேட்கும் குரல். நான் கையை உயர்த்தினேன். பாட்டை நன்றாகப் பாடச் சொல்வதாக நினைத்து இன்னும் உரக்கப் பாடினார்கள்.

அதை ஒரு பதில் என்று சிலர் சொல்லக்கூடும். போதகர் அப்படித்தான் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. அது ஒரு தவறு, அன்பானவர்கள் செய்த தவறு, அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் ஆசீர்வாதம் சொல்லப்பட்டது. மண் தள்ளுகிறவர்கள் வந்துவிட்டார்கள். வரலாற்றின் மறுபாதி, லத்தீனும் தச்சுக்கூடமும், அதற்குப் பிறகு வந்த அத்தனை பேரும், என் வாயிலேயே நின்றுவிட்டார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்ல வேண்டியதாகவில்லை. அது எனக்கு ஆறுதலா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் வேனுக்குத் திரும்பினார்கள். தூதரகத்தார் கொடுத்தனுப்பிய மரச் சிலுவையைத் தலைமாட்டில் ஊன்றியிருந்தார்கள். அதன் குறுக்குப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'வெர்னா டில்மன்' என்று இருந்தது. வெறும் பெயர். முன்னால் ஒன்றுமில்லை.

குனிந்து, மடக்கிய விரலால் அந்தப் பலகையில் ஒருமுறை தட்டினேன்.

ரெஜினா திரும்பி வந்தார். "என்னக்கா?"

"ஒரு தப்பு இருக்கு."

எட்டிப் பார்த்தார். அவருக்கு உடனே தெரிந்தது. "மிஸ் போடலியே. சொன்னா மாத்திருவாவளா?"

"யார்ட்ட சொல்றது?"

வேன்காரர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி ஹாரன் அடித்தார். பலகை மணலில் சற்றுச் சாய்ந்திருந்தது. இருவருமாக அதை நேராக்கிவிட்டு வந்தோம்.

மிஸ் வெர்னா டில்மன், போய் வாருங்கள்.